பாதியில் நின்ற கதை

இன்று காலை பழனி மலைப் படியேறினோம். மொத்தம் 693 படிகள். கூட வந்த மச்சானிடம் அலுவலகக் கதை ஒன்றை ஆரம்பித்தேன். நூறு படிவரை கதை தடையில்லாமல் ஓடியது. அப்புறம் வாக்கியங்கள் துண்டு துண்டாயின. வேகத்தைக் கூட்டியதும் "ம்", "ஆமா" மட்டும்தான் மிச்சம்.

"என்ன மச்சான், கதை பாதியில நிக்குது?"

பதில் சொல்லக்கூட மூச்சில்லை.

ஆனால் கதை நின்ற அந்த இடம்தான் முக்கியமான இடம். தசை குளுக்கோஸை உடைக்கும்போது உண்டாகும் லாக்டேட், ரத்தத்தில் வேகமாக ஏறத் தொடங்குவது ஏறக்குறைய அங்கேதான். சும்மா இருக்கும்போது ஒரு லிட்டர் ரத்தத்தில் லாக்டேட் சுமார் 1 மில்லிமோல். மெதுவாக நடந்தால் பெரிதாக ஏறாது. தசையில் உண்டாவதை இதயமும் மற்ற தசைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்ளும். கல்லீரல் குளுக்கோஸாக மாற்றிவிடும். ஒரு எல்லையைத் தாண்டினால் வரவு செலவை மிஞ்சுகிறது. பலருக்கு 4 மில்லிமோலை ஒட்டி அது கிடுகிடுவென ஏறும். கூடவே சேரும் அமிலத்தை ரத்தத்தின் பைகார்பனேட் சமன்செய்யும்போது கார்பன் டை ஆக்சைடு கூடுதலாகப் பிறக்கிறது. அதை வெளியே தள்ளவும்தான் இத்தனை இளைப்பு.

நாளைக்குக் கால் வலித்தால் லாக்டேட்டைத் திட்டாதீர்கள். அது ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். வலி, தசை இழைகளில் விழும் நுண்ணிய சேதத்தால் வருவது; அந்தச் சேதம் படி இறங்கும்போதுதான் அதிகம்.

இறங்கும்போது கதையை முடித்தேன்.

"இதுக்கா மச்சான் இவ்வளவு மூச்சு வாங்குன?"