வலிக்கு முன்பே வரும் ரத்தம்

திங்கள்

வலிக்காத பல் நல்ல பல் என்று நம்பித்தான் நம்மில் பலர் பல் மருத்துவர் பக்கமே போவதில்லை. ஈறு நோயைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை ஆபத்தானது. பல்லைத் தாங்கும் எலும்பு கரையும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் ஆடும்போதோ சீழ் கட்டும்போதோதான் விஷயம் தெரிகிறது. அதற்குள் கரைந்துபோன எலும்பு முழுதாகத் திரும்பாது. அதனால் வலிக்கு முன்பே வரும் அடையாளத்தைப் பார்க்கப் பழக வேண்டும். பல் துலக்கித் துப்பும் நுரையில் ரத்தம் கலந்திருப்பதுதான் அது. டென்மார்க்கில் ஹரால்ட் லோவும் அவரது குழுவினரும் ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லி ஓர் ஆய்வு நடத்தி, 1965இல் வெளியிட்டார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தணிந்தது. இந்தக் கட்டத்தில் நோயைப் போக்கிவிடலாம் என்பதுதான் அந்த ஆய்வு தந்த நல்ல செய்தி.

செவ்வாய்

ஈறில் ரத்தம் வரும் எல்லோருக்கும் பல் விழுகிறதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதற்கான விடை இலங்கை மலையகத்தில் இருக்கிறது. அங்கே பல் துலக்கும் பழக்கமோ பல் சிகிச்சையோ இல்லாதிருந்த 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களை, அதே லோவின் குழு 1970 முதல் 15 ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தது. அவர்கள் தமிழர்கள். ஏறக்குறைய எல்லோருக்கும் பல்லில் காரை படிந்திருந்தது, ஈறு வீங்கியிருந்தது. ஆனால் 11 சதவீதத்தினருக்கு நோய் அதற்கு மேல் போகவில்லை. 81 சதவீதத்தினருக்கு மெதுவாக முற்றியது. மீதி 8 சதவீதத்தினர் 45 வயதுக்குள் ஏறக்குறைய எல்லாப் பற்களையும் இழந்தார்கள். அப்படியானால் கவலை சிலருக்குத்தானே என்று இதை வைத்தே வாதாடலாம். நான் அதை ஏற்கமாட்டேன். எந்தப் பிரிவில் நாம் இருக்கிறோம் என்று தொடக்கத்தில் கண்ணாடியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தெரியவரும்போது எலும்பு போயிருக்கும். நடுவில் இருந்த அந்தப் பெரும்பான்மையும் ஒன்றும் தப்பித்துவிடவில்லை. மருத்துவம் எட்டாத மனிதர்களின் வாயிலிருந்து உலகம் கற்ற பாடம் இது. அதை நாமே படிக்காமல் விடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

வியாழன்

ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்பவர்கள் அதிகம். அங்கேதான் அழுக்கு சேர்ந்திருக்கிறது. மென்மையான பிரஷால் அங்கேதான் கவனமாகத் துலக்க வேண்டும். உப்புத் தண்ணீர் இதம் தரும், காரையைப் பெயர்க்காது. க்ளீனிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்ற பயம் இன்னும் பலமானது. க்ளீனிங்குக்குப் பிறகு பல்லுக்கு நடுவில் இடைவெளி தெரிவது உண்மை. ஆனால் எலும்பும் ஈறும் முன்பே இறங்கிவிட்ட இடத்தைக் காரை நிரப்பி மறைத்திருந்தது. எடுத்ததும் பழைய சேதம் வெளியே தெரிகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: புகை பிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தம் கசிவது குறைவு, ஆனால் நோய் அதிகம். அவர்கள் ரத்தத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. தீராத வாய்நாற்றம், பல் நீண்டதுபோலத் தெரிவது, முன்பு இல்லாத இடுக்கில் உணவு சிக்குவது ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமெடுக்கும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஈறு நோயைப் போலவே பற்சொத்தையும் முன்பே அடையாளம் காட்டும், குழியாகத் தொடங்குவதில்லை. ஈறோரம் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு புள்ளி விழும். அந்தக் கட்டத்தில் ஃபுளோரைடு பற்பசையாலேயே பெரும்பாலும் நிறுத்திவிடலாம்.

ஒழுங்காகத் துலக்கியும் இரண்டு வாரத்துக்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லையா? வலி வரட்டும் என்று இருக்காதீர்கள். அந்த வாரமே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.