மாஸ்டர் தகடு



நமது பாடகர் குழுவின் பாடல்களைக் குறுந்தகடாக வெளியிட, மாஸ்டர் தகட்டை நானே கணினியில் பதிவு செய்தேன். அழகுக்காகக் காகித லேபிளும் ஒட்டி, ஆயிரம் பிரதிகளுக்காகத் தொழிற்சாலைக்கு அனுப்பினேன். பிழைகள் உள்ளன என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"வீட்டில் நன்றாகத்தானே பாடுகிறது?" என்றேன்.

"ஐயா, வினாடிக்கு 44,100 ஒலி மாதிரிகள். சில கெட்டாலும் பிளேயர் அக்கம்பக்கத்து ஒலியைக் கொண்டு இட்டு நிரப்பிவிடும், காதுக்குத் தெரியாது. நாங்களோ இதிலிருந்து கண்ணாடி மாஸ்டரும், அதிலிருந்து உலோக அச்சும் செய்கிறோம். இதிலுள்ள பிழை எல்லாப் பிரதிகளிலும் பதிந்துவிடும். லேபிள் ஒட்டினால் தகடு சமநிலையிழந்து சுழலும், அதையும் தவிருங்கள்" என்றார் பொறுப்பாளர்.

அன்றிரவு என் மகன் தன் தங்கையைக் கடிந்துகொண்டான். சொற்கள் அவனுடையவை, தொனி என்னுடையது. என் கோபத்தை இத்தனை ஆண்டுகளும் என் மனைவியின் பொறுமை இட்டு நிரப்பியிருந்தது. நானோ குறையற்றவன் என்றெண்ணியிருந்தேன். தாவீது 19-ஆம் சங்கீதத்தில் மறைவான குற்றங்களுக்காக மன்றாடியது ஏனென்று அப்பொழுது விளங்கிற்று.

மறுநாள் புதிய தகட்டில் பதிவு செய்து, லேபிளின்றி அனுப்பினேன். அது எளிதாயிருந்தது. மனைவியிடமும் மகனிடமும் மன்னிப்புக் கேட்பதே கடினமாயிருந்தது.

கர்த்தாவே, எங்கள் பிழைகள் எங்கள் பிள்ளைகளில் பதியுமுன்னே அவற்றை எங்களுக்குக் காண்பித்தருளும். ஆமென்.