சேர்ந்து ஓடும் ஊர்

ஊட்டிக் குளிருக்கே போர்வைக்குள் சுருண்டுகொள்கிற ஆள் நான். அதையும்விட உயரமான ஓர் ஊரில், பொழுது விடியுமுன்னே சால்வையைச் சுற்றிக்கொண்டு தெருமுனையில் போய் நிற்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் நின்றேனே! அதுவும் ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டில்!

என் தம்பிக்கு அங்கே எல்டோரெட் நகரில் வேலை. நானும் என் கணவரும் போயிருந்தபோது, "அக்கா, சிங்கம், யானையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதல்ல மனுஷங்க ஓடறதைப் பாரு" என்று எங்களை இட்டென் என்ற சிற்றூருக்குக் கூட்டிப்போனான்.

எல்டோரெட்டிலிருந்து வேனில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,400 மீட்டர் உயரம். ஒரு பக்கம் மக்காச்சோளக் கொல்லைகள், மேயும் மாடுகள். மறுபக்கம் சரேலென்று இறங்குகிற கேரியோ பள்ளத்தாக்கு. மண் நம் ஊர்ச் செம்மண்ணேதான். ஊர் வாசலில் ஒரு வளைவு. 'சாம்பியன்களின் இல்லம்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது.

அது வெறும் ஜம்பம் இல்லை. 1976-ல் அயர்லாந்திலிருந்து கோலம் ஓ'கானல் என்ற கிறிஸ்தவத் துறவி இங்குள்ள செயின்ட் பாட்ரிக் பள்ளிக்குப் பூகோளம் கற்பிக்க வந்தார். ஓட்டமும் கற்பிக்க ஆரம்பித்து இங்கேயே தங்கிவிட்டார். அவரிடம் பழகிய டேவிட் ருடிஷா, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். இதே ஊரில் பயிற்சி எடுத்த மேரி கெய்டானி, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான பிறகு, 2017 லண்டன் மாரத்தானை 2 மணி 17 நிமிடம் 1 விநாடியில் முடித்தார். பெண்கள் மட்டும் ஓடும் மாரத்தானில் அன்றைக்கு அது உலக சாதனை. மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டருக்கும் மேலே. ரெண்டு பிள்ளை பெற்ற உடம்பு!

காலை ஆறு மணி. இன்னும் சரியாக வெளுக்கவில்லை. ஒவ்வொரு சந்திலிருந்தும் இரண்டு பேர், மூன்று பேராக வந்து முனையில் கூடினார்கள். இருபது, முப்பது பேர் சேர்ந்ததும் யாரோ ஏதோ சொல்ல, கிளம்பினார்கள். எனக்கு ஒரே ஏமாற்றம். உலகப் புகழ் பெற்றவர்கள் என்றானே, இவர்கள் ஏதோ கடைக்குப் போகிறவர்கள் மாதிரி மெதுவாக அல்லவா போகிறார்கள்! தம்பி சிரித்தான். "இங்கே எல்லாத்துக்கும் 'போலே போலே'தான் அக்கா. சுவாஹிலியில மெதுவா, மெதுவான்னு அர்த்தம். உடம்பு சூடானப்புறம் பாரு."

பிறகு பார்த்தேன். திரும்பி வரும்போது அதே கூட்டம் காற்றாகப் பறந்து வந்தது. ஆனால் முப்பது பேருக்கும் கால் ஒன்றாக விழுகிறது. செம்மண்ணில் ஒரே சத்தம். முன்னால் ஓடுகிறவர் சற்று நேரம் வேகத்தை இழுத்துப் பிடிக்கிறார், பிறகு இன்னொருவர் அந்த இடத்துக்கு வருகிறார். புதிதாக வந்தவரையும் யாரும் "நீ யார்?" என்று கேட்பதில்லை. முடிந்த மட்டும் கூட ஓடலாம். இன்று பாதியில் நின்றவர் நாளைக்கு இன்னும் கொஞ்ச தூரம் வருவார். வியாழக்கிழமைகளில் நூறு பேருக்கும் மேல் ஒன்றாகக் கூடி, சில நிமிடம் வேகம், சில நிமிடம் நிதானம் என்று மாற்றி மாற்றி ஓடுகிறார்கள்.

நானோ விடுதி மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கினேன். இந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற பிராணவாயு, நம் கடற்கரை ஊர்களைவிடக் கால் பங்கு குறைவு. அதை ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உண்டாக்கிக்கொள்கிறதாம். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், இரும்புச்சத்தும் வேண்டும். இவர்கள் சாப்பாட்டைப் பார்த்தால் அப்படி ஒன்றும் ஆடம்பரமில்லை. மக்காச்சோள மாவில் கிளறிய 'உகாலி', நம்ம களிக்கு அண்ணன் தம்பிதான். கூட 'சுகுமா விக்கி' என்ற கீரை, பீன்ஸ், பால். ஓடி வந்ததும் பாலும் சர்க்கரையும் தூக்கலாகப் போட்டுக் கொதிக்கவைத்த தேநீர்.

அந்தத் தேநீர்க் கடையில்தான் ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தேன். தம்பி மனைவி மொழிபெயர்த்தாள். முப்பது வயதிருக்கும், மடியில் இரண்டு வயதுக் குழந்தை. "ஓடப் போனால் குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரி. அவளும் ஓடுகிறவள்தான். அவள் ஓடும்போது அவள் பிள்ளையை நான் வைத்துக்கொள்வேன்."

"தனியாக ஓட மாட்டாயா?"

அவள் முகம் மாறிப்போனது. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "ஆக்னஸையும் நாங்கள் தனியாக விட்டதில்லை. சாலையில்தான்" என்றாள்.

ஆக்னஸ் டிரோப். 2017-லும் 2019-லும் உலகப் போட்டிகளில் 10,000 மீட்டரில் வெண்கலம் வாங்கியவர். 2021 செப்டம்பரில், பெண்கள் மட்டும் ஓடும் 10 கிலோமீட்டர் சாலைப் பந்தயத்தில் 30 நிமிடம் 1 விநாடியில் ஓடி உலக சாதனை செய்தார். அடுத்த மாதம் 13-ந் தேதி, இதே ஊரில் தம் வீட்டுக்குள் குத்துப்பட்டு இறந்து கிடந்தார். வயது இருபத்தைந்துதான். கணவர் மேல் கொலை வழக்குத் தொடர்ந்தார்கள்.

"மூச்சை வைத்தே யாருக்குக் கால் வலி, யாருக்குக் களைப்பு என்று கண்டுபிடிப்போம். வீட்டுக்குள்ளே அவளுக்கு என்ன வலி என்று கேட்காமல் விட்டுவிட்டோமே" என்றாள் அந்தப் பெண். எனக்குத் தேநீர் இறங்கவில்லை.

ஆனால் அழுதுவிட்டு ஓய்ந்துவிடவில்லை அந்த ஊர்ப் பெண்கள். கூட ஓடியவர்களே சேர்ந்து 'டிரோப்ஸ் ஏஞ்சல்ஸ்' என்ற அமைப்பை ஆரம்பித்தார்கள். மேரி கெய்டானியும் அதில் ஒருவர். வீட்டில் அடி, உதை, மிரட்டல் என்று தவிக்கிற பெண் வாய்விட்டுப் பேசவும், உதவி கேட்கவும் ஒரு இடம். அதோடு துக்கம் தீர்ந்துவிடவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஓடிய உகாண்டா நாட்டு ரெபேக்கா செப்டெகெய், சில வாரங்களிலேயே தீக்காயங்களோடு எல்டோரெட் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அதனால்தான் இப்போது ஓடி முடித்ததும் உடனே கலைய மாட்டார்களாம். "வீட்டில் எல்லாம் சரிதானே?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுவிட்டுத்தான் போவோம் என்றாள்.

ஊர் திரும்பிய மறு வாரம், எங்கள் தெருப் பெண்கள் நாலு பேர் காலை ஐந்தரைக்கு நடக்க ஆரம்பித்தோம். ஓட்டமெல்லாம் நமக்கு ஆகாது, போலே போலேதான். விலைவாசி, பிள்ளைகள் படிப்பு என்று பேசிக்கொண்டே நடப்போம். ஒருநாள் மூன்றாம் வீட்டுப் பெண் ஒன்றுமே பேசாமல் வந்தாள். முன்பென்றால், நமக்கேன் வம்பு என்று விட்டிருப்பேன். அன்று கொஞ்சம் பின்தங்கி, அவளோடு சேர்ந்து நடந்து, மெதுவாகக் கேட்டேன்.

மற்ற இருவரும் திரும்பிப் பார்த்துவிட்டு நின்றார்கள். அன்று நாங்கள் நடந்தது அரை கிலோமீட்டர்கூட இராது. ஆனால் அவள் பேசினாள்.