காட்டிலே ஒரு டப்பா!

புதையல் எடுக்கப் போனவர்களைப் பற்றி நம் ஊரில் எத்தனையோ கதைகள் உண்டு. மை போட்டுப் பார்ப்பார்கள். பூதம் காவல் காக்கும். அது கோழியைக் காவு கேட்கும். கடைசியில் மண் வெட்டிய கூலிகூடத் தேறாது. பூதமும் இல்லாமல், காவும் இல்லாமல், குழந்தை குட்டிகளுடன் கட்டுச்சோற்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு உலகமெங்கும் லட்சக்கணக்கான பேர் புதையல் தேடக் காட்டுக்குப் போய் வருகிறார்கள் என்றால் நம்புவீர்களா?

புதையல் என்ன என்று உடனே கேட்டுவிடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், பென்சில், இரண்டு கோலிக்குண்டு, ஒரு சாவி வளையம், குட்டிப் பொம்மை. அவ்வளவுதான்! இதற்காகவா காடும் மலையும் ஏறி இறங்குகிறார்கள் என்று மூக்கின்மேல் விரலை வைக்கிறீர்கள், அல்லவா? சற்றுப் பொறுங்கள்.

இந்த விளையாட்டுக்கு 'ஜியோகாச்சிங்' என்று பெயர். அது பிறந்த ஊர் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கிறது. சென்ற மே மாதம் அந்தப் பக்கம் போய்ப் பத்து நாள் தங்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

வாளியில் பிறந்த விளையாட்டு

நம் தலைக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்க ராணுவத்தின் செயற்கைக் கோள்கள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "இப்போது மணி இன்னது; நான் இருக்கும் இடம் இன்னது" என்று ஒவ்வொன்றும் ஓயாமல் ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். நான்கு கோள்களின் குரல் காதில் விழுந்தால் போதும். எந்தக் குரல் எவ்வளவு நேரம் கழித்து வந்து சேர்ந்தது என்று கணக்குப் போட்டு, நாம் நிற்கும் இடத்தை நம் கையிலிருக்கும் கருவி சொல்லிவிடும். இதுதான் ஜி.பி.எஸ்.

2000-ஆம் ஆண்டு வரையில் இதில் ஒரு சூழ்ச்சி இருந்தது. எதிரிகளின் கையில் துல்லியமான கணக்குக் கிடைத்துவிடக் கூடாது என்று, பொது ஜனங்களுக்கு வரும் அலையில் ராணுவத்தார் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் நூறு மீட்டர் வரை வித்தியாசம் வரும். அந்தப் பிழையை நீக்கும்படி 2000 மே 1-ஆம் தேதி ஜனாதிபதி கிளிண்டன் உத்தரவிட்டார்.

மே 3-ஆம் தேதியே வேலை ஆரம்பமாகிவிட்டது! டேவ் உல்மர் என்ற கம்ப்யூட்டர் நிபுணர், பீவர்க்ரீக் என்ற சிற்றூருக்கு அருகே, சாலையோரத்து மரங்களுக்கு நடுவில் ஒரு கறுப்பு வாளியை வைத்தார். வாளிக்குள் புத்தகங்கள், வீடியோ, கொஞ்சம் பணம், ஒரு கவண், டப்பாவில் அடைத்த அவரை! இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இண்டர்நெட்டில் அறிவித்து, "கண்டுபிடியுங்கள், பார்ப்போம்" என்றார். வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்; பதிலுக்கு ஒன்றை வைத்துவிட வேண்டும். மைக் டீக் என்பவர் முதலில் கண்டுபிடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியபோது உலகம் முழுவதற்கும் 75 டப்பாக்கள்தாம் இருந்தன. இன்று 30 லட்சத்துக்கும் மேல். அண்டார்ட்டிகாவிலும் உண்டு. 2008-ல் ஒரு கோடீசுவரர் விண்வெளி நிலையத்திலேயே ஒன்றை வைத்துவிட்டு வந்தார்!

ஆச்சி

கல்லூரியில் என்னுடன் படித்த தோழி போர்ட்லண்ட் நகரில் குடியிருக்கிறாள். பாளையங்கோட்டைக் குடும்பம். கணவர், பத்து வயதுப் பையன், ஆறு வயதுப் பெண், இவர்களோடு கணவரின் தாயார். அந்த அம்மாளைக் குழந்தைகள் 'ஆச்சி' என்று கூப்பிட, பத்தே நாளில் எனக்கும் அவர் ஆச்சியாகிவிட்டார்.

ஆச்சியின் கணவர் காலமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 'தனியாக இருக்க வேண்டாம்' என்று மகன் கையோடு அழைத்து வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து ஆச்சி ஜன்னலோரத்து நாற்காலியை விட்டு அதிகம் எழுந்ததில்லை. வெளியே ஓயாத மழை. உள்ளே ஓயாத மௌனம். வாய் திறந்தால் ஒரே பேச்சு: "என்னை ஊரில் கொண்டுபோய் விட்டுவிடு, ஐயா."

"அத்தை என்மேல் கோபப்பட்டு நாலு வார்த்தை சொன்னால்கூடத் தேவலை; எதுவுமே சொல்வதில்லையடி. அவர் சாப்பிடுகிற கவளத்தை எண்ணிவிடலாம்" என்று இரவு பாத்திரம் துலக்கும்போது தோழி என்னிடம் கண் கலங்கினாள்.

சனிக்கிழமை காலை எல்லோரும் புறப்பட்டபோது ஆச்சி, "காட்டிலே கிழவிக்கு என்ன வேலை? நீங்கள் போய் வாருங்கள்" என்றார். பையன் பூட்ஸைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு ஆச்சியின் காலடியில் உட்கார்ந்துகொண்டான். "நீ வராவிட்டால் நானும் போகவில்லை." சத்தியாக்கிரகம் பலித்தது! சுங்குடிச் சேலைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மகனுடைய மழைக்கோட்டு, ஆறு மாதமாகப் பெட்டியை விட்டு வெளியே வராத புது பூட்ஸ் என்ற கோலத்தில் ஆச்சி காரில் ஏறினார். பக்கத்து வீட்டு அமெரிக்க அம்மாளும் சேர்ந்துகொண்டார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. நூற்றுக்கணக்கான டப்பாக்களைக் கண்டெடுத்த கைகாரி!

பச்சைப் பந்தல்

முதலில் பீவர்க்ரீக். உல்மர் வாளி வைத்த இடத்தில் இப்போது ஒரு நினைவுத் தகடு பதித்திருக்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டோம். அங்கிருந்து கிளாக்கமஸ் ஆற்றங்கரையிலுள்ள மைலோ மெக்ஐவர் பூங்காவுக்குப் போனோம். பூங்கா என்றதும் பெஞ்சும் ஊஞ்சலும் என்று எண்ணிவிடாதீர்கள். அசல் காடு!

டக்ளஸ் ஃபர் மரங்கள் கோயில் தூண்களைப் போல் நிமிர்ந்து நிற்கின்றன. அண்ணாந்து பார்த்தால் கழுத்துத்தான் வலிக்கும்; உச்சி தெரியாது. மேப்பிள் கிளைகளில் பாசி சடை சடையாகத் தொங்குகிறது. தரையெல்லாம் பெரணிச் செடி. நடுநடுவே மூன்றே இதழ் கொண்ட 'டிரில்லியம்' என்ற வெள்ளைப் பூ. நாளாக ஆக இளஞ்சிவப்பாக மாறிவிடுமாம். திடீரென்று சின்னப் பெண் 'வீல்' என்றாள். பாதையில் ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் நிறத்தில் ஏதோ ஊர்ந்தது. ஓடில்லாத நத்தை! அதற்குப் பெயரே 'வாழைப்பழ நத்தை.'

"மூன்று இலை சேர்ந்தாற்போல் இருக்கும் புதரைத் தொடாதீர்கள்" என்று ஆசிரியை எச்சரித்துக்கொண்டே வந்தார். 'நச்சு ஓக்' என்று ஒரு செடி. பட்டால் தோல் தடித்துக் கொப்புளித்துவிடும். அந்த நேரம் பார்த்து ஆச்சி குனிந்து எதையோ தொடப் போனார். எல்லோரும் பதறிவிட்டோம்.

"ஏன் இப்படிக் கூச்சல் போடுகிறீர்கள்? இது நம் புளியாரை அல்லவா?" என்றார் ஆச்சி.

ஆசிரியை மண்டியிட்டுப் பார்த்தார். தரையோடு தரையாகப் படர்ந்த, இதய வடிவமான மூன்று இலை. நம் வீட்டுக் கொல்லையில் முளைக்கும் புளியாரையின் அக்காள் முறை! இலைதான் பெரிதே தவிர, குடும்பம் ஒன்றுதான். கடல் கடந்து வந்த ஆறு மாதத்தில் ஆச்சி சந்தித்த முதல் உறவுக்காரி அவள்தான் என்று நினைக்கிறேன். பூங்காவில் செடி கொடிகளை இஷ்டம்போல் பறிக்கக் கூடாது. ஆகையால் தடவிப் பார்த்துவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு அவர் பின்தங்கவே இல்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. அதன் முதுகிலே வரிசையாக இளங்கன்றுகள். இப்படிப்பட்ட மரத்தைச் 'செவிலி மரம்' என்கிறார்கள். மட்கும் கட்டையில் ஈரமும் உரமும் இருப்பதால் விதைகள் அதிலேயே வேர் பிடிக்கின்றன. ஆச்சி அங்கே வெகுநேரம் நின்றார். "விழுந்த பிறகும் இதற்கு வேலை இருக்கிறது, பாரேன்" என்று மருமகளிடம் சொன்னார். தோழி பதில் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஊசி நின்ற இடம்

பையன் கையில் டெலிபோன். காட்டில் டெலிபோன் கோபுரம் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், படத்தை மட்டும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். 'இன்னும் நாற்பது மீட்டர், இருபது, ஐந்து' என்று கத்திக்கொண்டே ஓடினான். ஐந்தோடு சரி! அதற்குப் பிறகு ஊசி சுற்றிச் சுற்றி வந்தது. உயரமான மரங்கள் கோள்களின் குரலை மறைப்பதால் காட்டுக்குள் பத்து மீட்டர் வரை பிசகுவது சகஜம். இனி கண்தான் கருவி.

பொந்தில் பார்த்தோம், கல்லுக்கடியில் பார்த்தோம், பெரணிப் புதரை விலக்கிப் பார்த்தோம். இருபது நிமிஷம் ஆயிற்று. பையன் முகம் அழுகைக்குத் தயாராகிவிட்டது.

ஒரு கல்லில் சாவதானமாக உட்கார்ந்திருந்த ஆச்சி கையை நீட்டினார். "அந்த வேருக்குப் பக்கத்தில் சுள்ளி அடுக்கியிருக்கிறதே, அதை எடுத்துப் பாரேன், ஐயா."

"அது தானாக விழுந்தது, ஆச்சி."

"தானாக விழுகிற சுள்ளி ஒரே நீளத்தில், ஒரே பக்கமாகப் படுத்திருக்குமா? முப்பது வருஷம் விறகடுப்போடு மாரடித்தவளுக்குத் தெரியாதா?"

சுள்ளியை விலக்கினால், டப்பா! பையன் போட்ட கூச்சலில் பறவைகள் பறந்தன. "சுள்ளி அடுக்கின் சூட்சுமத்தைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று" என்று ஆசிரியை ஆச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

நோட்டுப் புத்தகத்தில் கண்டெடுத்தவர்கள் பெயரும் தேதியும் எழுத வேண்டும். பையன் அதை ஆச்சியிடம் நீட்டினான். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தமிழிலேயே எழுதினார். முதலில் தம் பெயர். அதற்குக் கீழே கணவரின் பெயர். அதற்கும் கீழே, 'பாளையங்கோட்டை.' பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, தாயம் ஆடும் சோழி ஒன்றை எடுத்து டப்பாவுக்குள் வைத்தார். சின்னப் பெண் ஒரு கோலிக்குண்டை எடுத்துக்கொண்டாள். வியாபாரம் முடிந்தது!

ஆற்றங்கரையில் புளியோதரையும் தயிர்சாதமும் வடுமாங்காயுமாகச் சாப்பிட்டோம். அன்றைக்குத் தோழி கவளத்தை எண்ணவில்லை. எண்ண முடியாதபடி அத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

காட்டுக்கும் மரியாதை உண்டு

இந்த விளையாட்டில் சட்டதிட்டங்கள் உண்டு. டப்பாவை எடுத்த இடத்தில், எடுத்த மாதிரியே வைக்க வேண்டும். அனுமதியின்றி மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. தின்பண்டம் வைக்கக் கூடாது. மிருகங்கள் மோப்பம் பிடித்து வந்துவிடும். உல்மர் வைத்த அவரை டப்பா இன்றைக்கு நிராகரிக்கப்பட்டுவிடும்! நிலத்துக்குச் சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் எதையும் ஒளித்து வைக்கவும் கூடாது. போகும்போது ஒரு பை எடுத்துப்போய், வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வருவது நல்ல வழக்கம். எங்கள் ஆசிரியை ஒரு பை நிறையக் கொண்டு வந்தார்.

இத்தனை கண்டிப்பு எதற்கு? அதே ஆரிகனில், 2017 செப்டம்பர் 2-ஆம் தேதி, ஈகிள் க்ரீக் பள்ளத்தாக்கில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் விளையாட்டாக ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டான். ஏறக்குறைய 48,000 ஏக்கர் காடு எரிந்தது. நடக்கப் போயிருந்த சுமார் 150 பேர் வழி அடைபட்டு இரவெல்லாம் காட்டில் கழித்தார்கள். நம் தேனி மாவட்டத்துக் குரங்கணியில், 2018 மார்ச்சில், மலையேறப் போன இளம் பெண்களும் ஆண்களும் காட்டுத் தீயில் சிக்கி மாண்ட துயரத்தையும் நாம் மறந்துவிட முடியாது. தமிழ்நாட்டில் காப்புக் காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது. 2024-ல் வனத்துறையே 40 மலைப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, முன்பதிவுக்கும் வழிகாட்டிகளுக்கும் ஏற்பாடு செய்திருக்கிறது. கோடையில் போக வேண்டாம். வழிகாட்டியின் சொல்லைத் தட்ட வேண்டாம். மற்றபடி தாராளமாகப் போய் வாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூப்பிடுங்கள். முதல் தடவை மறுப்பார்கள். இரண்டாம் தடவையும் கூப்பிடுங்கள்.

சென்ற வாரம் தோழியிடமிருந்து கடிதம் வந்தது. இதுவரை பதினேழு டப்பா கண்டெடுத்தாயிற்றாம். ஆச்சி தம் பங்குக்கு வீட்டுத் தோட்டத்து வேலியோரம் ஒரு டப்பா வைத்து, சுள்ளி அடுக்காமல், பூந்தொட்டிக்குப் பின்னால் ஒளித்திருக்கிறாராம். தேடி வருகிறவர்கள் திண்டாடுவதை ஜன்னலோரத்து நாற்காலியிலிருந்து வேடிக்கை பார்ப்பதுதான் அவருக்கு இப்போது பொழுதுபோக்கு. "ஊருக்கு எப்போது, அத்தை?" என்று தோழி கேட்டாளாம்.

"போகத்தான் வேண்டும். என் டப்பாவை நூறு பேர் கண்டுபிடிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றாராம் ஆச்சி.