தேக்கடி ஏரிக்கரையில் ஒரு ராத்திரி



"டீச்சர், லீவுக்கு எங்கே போகலாம்?" என்று நம் கீழ்பென்னாத்தூர் பிள்ளைகள் சிலர் கேட்டிருந்தீர்கள். பணி ஓய்வுக்கு முந்தின கோடையில் என் தம்பி குடும்பத்தோடு போன தேக்கடியைச் சொல்கிறேன். படகு சவாரியை இல்லை. காட்டுக்குள் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கியதை.

அது தானாக உண்டான ஏரி இல்லை. பென்னிகுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் முடிந்தபோது காட்டுக்குள் தேங்கிய தண்ணீர். அன்று மூழ்கிய மரங்களின் மொட்டைக் கட்டைகள் இன்றும் தண்ணீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தேனி, மதுரைப் பக்கத்து வயல்களுக்குப் பாய்வது இந்தத் தண்ணீர்தான். சுற்றியுள்ள காடு 1978-இல் புலிகள் காப்பகம் ஆனது. 1982-இல் அதன் உள்பகுதி தேசியப் பூங்கா ஆனது.

வனத்துறையிடம் முன்பதிவு செய்தால் சிறு குழுவாக அழைத்துப் போகிறார்கள். துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர், கூடவே வழிகாட்டிகள். சமையலும் ராக்காவலும் அவர்கள் பொறுப்பு.

சாயங்காலம் எதிர்க்கரையில் யானைக் கூட்டம் தண்ணீருக்கு இறங்கியது. வழிகாட்டி ஒருவர் கொஞ்சம் மண்ணை எடுத்து மெல்ல உதிர்த்து, காற்று போகும் திசையைப் பார்த்தார். எங்களை அந்தப் பக்கமாக நகர்த்தி உட்கார வைத்தார். "நம்ம வாடை அதுக்குப் போகக்கூடாதும்மா" என்றார். எந்தத் தடம் காட்டெருமை, எந்தத் தடம் மிளா என்றெல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டினார்.

என் தம்பி மகள் கேட்டாள்: "இதெல்லாம் எங்கே அண்ணா படிச்சீங்க?"

"திருடும்போது" என்றார். சிரிக்காமல் சொன்னார்.

அவர்களில் பலர் முன்பு இந்தக் காட்டில் திருட்டுத்தனமாக வயணப்பட்டை உரித்து விற்றவர்கள். அது நம் குழம்புக்குப் போடும் பட்டை மாதிரிதான். சிலர் வேட்டையும் ஆடியவர்கள். வழக்கு, தலைமறைவு என்று காலம் போயிருக்கிறது. 1990-களின் கடைசியில் வனத்துறை அவர்களைக் கூட்டி ஒரு குழுவாக்கி இந்த வேலையைக் கொடுத்தது. நாம் கட்டும் பணம்தான் அவர்கள் வீட்டு அடுப்பை எரிக்கிறது. காட்டுக்குள் ரோந்தும் போகிறார்கள். திருடன் வரும் வழி அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

புத்திமதி மட்டும் சொல்லியிருந்தால் மாறியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். புத்திமதியால் யாருக்கும் வயிறு நிறையாது. அவர்கள் கற்றது அப்படியேதான் இருக்கிறது. அதை வைத்துப் பிழைக்க நேர்வழி ஒன்று கிடைத்தது.

வகுப்பில் ஓயாமல் பேசுகிறவனிடம் சாக்பீஸைக் கொடுத்துப் பாடம் நடத்தச் சொல்வேன், ஞாபகம் இருக்கிறதா? அதுவும் இதுவும் ஒரே கணக்குத்தான்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், கடை முதலாளிகள், காவல்துறையில் இருப்பவர்கள். ஊரில் கெட்ட பேர் வாங்கிய பையன் ஒருவன் வேலை கேட்டு வந்தால், அவன் என்ன செய்தான் என்று கேட்பதற்கு முன்னால், அவனுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள்.

தேக்கடிக்குப் போகிறவர்கள், பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு கூட்டிப் போங்கள். பிளாஸ்டிக் கொண்டு போகாதீர்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்