ரெண்டு மேஸ்திரி, சித்தாள் இல்லை

உங்க மேஜை டிராயரைத் திறந்து பாருங்க. குறைஞ்சது நாலு கேபிளாவது பின்னிக் கிடக்கும். எது எதுக்குன்னு கேட்டா "எல்லாம் சார்ஜர் வயர்தான்" என்பீங்க. ஃபைனல் ரிவியூவுக்கு முந்தைய ராத்திரி வரைக்கும் நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்.

எங்க ப்ராஜெக்ட், நெல் இலையைப் படம் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் மாடல். மூணு மாசம் வரப்பு வரப்பாக நடந்து நாங்களே எடுத்த படங்கள், ட்ரெயின் பண்ணின மாடல் எல்லாம் சேர்த்து 58 ஜிபி. அத்தனையும் ஒரே இடத்தில், என் ரூம்மேட்டோட பழைய லேப்டாப்பில். அன்னிக்கு ராத்திரி பதினோரு மணிக்கு அதோட சார்ஜிங் பின் உள்ளேயே உடைஞ்சு போச்சு. பேட்டரி 46 சதவீதம்.

"ஜனவரியிலேயே ஒரு காப்பி எடுத்து வைடான்னு சொன்னேன்ல?" என்றான். சொன்னான்தான். நான்தான் சிரிச்சேன்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ரெண்டு லேப்டாப்பையும் சேர்த்து அனுப்பிப் பார்த்தோம். ஆறு மணி நேரம் ஆகும்னு காட்டியது. அதுக்குள்ள பேட்டரி 38. அவசரமா ஷட்டவுன் பண்ணிட்டு யோசிச்சோம்.

கூலிங் பேடோட வந்த கேபிள் ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு முனையும் தட்டையான டைப்-ஏ. இங்க ஒரு முனை, அங்க ஒரு முனை, வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன். சொருகினேன். லேப்டாப்பை ஆன் பண்ணியும் ஒண்ணுமே நடக்கலை. அந்த நேரம் பார்த்து கீழ் மாடி எம்.இ. அண்ணா உள்ளே வந்தார்.

"டேய், முதல்ல அதைப் புடுங்கு!"

அவர் சொன்னதை அப்படியே சொல்றேன். யூஎஸ்பி-யில் ஒருத்தர் மேஸ்திரி, இன்னொருத்தர் சித்தாள். கம்ப்யூட்டர் கட்டளை போடும், பென்டிரைவ் கேட்கும். கம்ப்யூட்டரில் இருக்கிற டைப்-ஏ போர்ட் மேஸ்திரி. ரெண்டு மேஸ்திரியை நேருக்கு நேர் நிறுத்தினா வேலை நடக்காது. அதைவிட மோசம், ரெண்டு பக்கமும் 5 வோல்ட்டை வெளியே தள்ளும். பாதுகாப்பு சர்க்யூட் சரியா இல்லைன்னா போர்ட்டே போயிடலாம். ரெண்டு கம்ப்யூட்டரை இணைக்கவே தனியா பிரிட்ஜ் கேபிள் விக்கிறாங்க. நடுவில் ஒரு சின்ன டப்பா இருக்கும், அதுக்குள்ள இருக்கிற சிப் ரெண்டு பக்கத்துக்கும் சித்தாளா நடிக்கும். நடு ராத்திரியில் அதுக்கு எங்க போறது?

"என் லேப்டாப்பில் டைப்-சி இருக்கே அண்ணா?" என்றேன். சி என்பது வடிவம் மட்டும்தானாம், வேகம் இல்லை. போன் டப்பாவில் வர்ற சி கேபிள் நிறைய, உள்ளே பழைய 2.0 தான், 480 மெகாபிட். போர்ட் பக்கத்தில் அம்பு முனை வச்ச மின்னல் குறி இருந்தா தண்டர்போல்ட். ரெண்டு பக்கமும் அது இருந்து, அதுக்கான கேபிளும் இருந்தா நேரடியா இணைக்கலாம். ரூம்மேட் லேப்டாப்பில் சி போர்ட்டே கிடையாது.

அண்ணா தன்னோட எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கைக் கொடுத்தார், ஆனா கேபிளைத் தொலைச்சிருந்தார். அதன் போர்ட்டைப் பார்த்திருப்பீங்க. ஒரு அகலப் பகுதி, பக்கத்தில் ஒட்டின மாதிரி ஒரு சின்னப் பகுதி. 3.0 மைக்ரோ-பி. அந்த அகலப் பகுதி பழைய ஆண்ட்ராய்டு போனோட மைக்ரோ யூஎஸ்பி-தான்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்! பழைய கேபிளைச் சொருகினா 2.0 வேகத்தில் ஓடும்.

டிராயரைத் தரையில் கொட்டினேன். முதல் கேபிள் பவர் பேங்க்கோட வந்தது. டிஸ்க் சுத்துற சத்தம் கேட்டுச்சு, லைட் எரிஞ்சுச்சு, ஆனா ஸ்கிரீனில் எதுவும் வரலை. அதுக்குள்ள கரண்டுக்கான ரெண்டு கம்பி மட்டும்தான், டேட்டா கம்பி ரெண்டும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தா வித்தியாசமே தெரியாது. ரெண்டாவது, அம்மாவோட பழைய போன் கேபிள். டிஸ்க் பெயர் ஸ்கிரீனில் வந்துச்சு. பேட்டரி 31.

நொடிக்கு 25 எம்பி. 40 நிமிஷம்னு காட்டியது. ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைச்சோம், வைஃபையை அணைச்சோம். யாரும் பேசலை. 12 சதவீதத்தில் எச்சரிக்கை வந்தப்போ அவன் எழுந்து வராந்தாவுக்குப் போயிட்டான்.

காப்பி முடிஞ்சப்போ 7 சதவீதம். என் லேப்டாப்பில் சொருகி, மாடலை ஒரு தடவை ஓட வச்ச பிறகுதான் போய் அவனைக் கூப்பிட்டேன். "ஜனவரியிலேயே..." என்று ஆரம்பிச்சான். இந்த முறை நான் சிரிக்கலை.

அந்த ஏ-டு-ஏ கேபிள் இன்னும் டிராயரில்தான் இருக்கு, ரெண்டு முனையிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப்போட.