சங்கிலித் தழும்பு

புத்தகங்களை அடுக்கி வைப்பதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நினைப்பவர் நம்மில் பலர். உயரமானவை பின்னால், குட்டையானவை முன்னால், பஞ்சாங்கம் மட்டும் கைக்கெட்டும் ஆணியில். வீட்டு அலமாரிக்கு இந்தச் சாஸ்திரம் போதும். ஆனால் பல நூற்றாண்டுகளின் கையெழுத்துப் பிரதிகளைக் காக்கவேண்டிய ஒரு சர்வகலாசாலைப் புத்தகசாலைக்கு இது போதுமா? இங்கிலாந்திலுள்ள ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் போட்லியன் புத்தகசாலை நானூறு வருஷங்களுக்கு மேலாக இந்தக் கேள்விக்கு விடை தேடி வந்திருக்கிறது. அங்கே சில நாட்கள் வாசகனாக உட்காரும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

உள்ளே நுழையுமுன் ஒரு பிரமாணம் செய்து கொடுக்கவேண்டும். புத்தகத்துக்குச் சேதம் செய்யமாட்டேன், நெருப்பைக் கொண்டுவரமாட்டேன், புகை பிடிக்கமாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். நமக்குச் சிரிப்பு வரலாம், அவர்களுக்கு வருவதில்லை. 1645-ம் வருஷம் இங்கிலாந்தின் அரசரான முதலாம் சார்ல்ஸே ஒரு புத்தகத்தை இரவல் கேட்டபோது, புத்தகசாலையின் விதியைக் காட்டி மறுத்துவிட்டவர்கள் அல்லவா அவர்கள்!

ஸர் தாமஸ் போட்லி என்ற கனவானின் முயற்சியால் 1602-ல் புத்தகசாலை திறக்கப்பட்டபோது ஏற்பாடு எளிமையாகவே இருந்தது. மத நூல், சட்டம், வைத்தியம், கலைகள் என்று நான்கு பிரிவுகள். பெரிய புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருந்தார்கள். சங்கிலி மட்டையின் முன்விளிம்பில் மாட்டப்பட்டதால், புத்தகத்தின் முதுகு உள்ளேயும் தாள்களின் விளிம்பு வெளியேயும் இருக்கும்படி நிறுத்துவார்கள்.

கையெழுத்துப் பிரதிகள் சேரச் சேர, வேறொரு முறை வந்தது. லாட் என்ற அத்தியட்சர் 1635 முதல் 1640 வரையில் சுமார் 1,300 பிரதிகளைக் கொடுத்தார். 1755-ல் காலமான ராலின்ஸன் என்பவர் 5,000-க்கு மேற்பட்டவற்றை விட்டுச் சென்றார். இவற்றையெல்லாம் பிரித்து விஷயவாரியாக அடுக்காமல், லாட் தொகுதி, ராலின்ஸன் தொகுதி என்று கொடுத்தவர் பெயராலேயே வைத்தார்கள். இன்றும் அந்தப் பெயரோடு எண்ணைச் சேர்த்துக் கேட்டால்தான் பிரதி மேஜைக்கு வரும்.

இது தனவந்தருக்குச் செய்யும் முகஸ்துதி போலத் தோன்றலாம். ஆனால் கையால் எழுதிய நூலுக்குப் பெரும்பாலும் முகப்புத் தாள் கிடையாது. எழுதியவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று அதுவாகச் சொல்லாது. கூட இருந்த பிரதிகளைக் கொண்டுதான் அதை ஊகிக்கவேண்டும். எங்கள் பாட்டனார் காலத்துச் சுவடிக் கட்டு ஒன்று பரணில் இருந்தது. அதில் தேவாரம் சில ஏடுகள், மாட்டு வைத்தியம் சில ஏடுகள், நெல் குத்தகைக் கணக்கு சில ஏடுகள். உறவினர் ஒருவர் வந்து, "வைத்தியம் மட்டும் எனக்கு உபயோகப்படும்" என்று கயிற்றை அவிழ்த்து எடுத்துப் போனார். குத்தகைக் கணக்கில்தான் ஊர்ப் பெயரும் வருஷமும் இருந்தன. அவர் கையிலுள்ள வைத்திய ஏடு இனி யாருடையதாகவும் இருக்கலாம். எனக்கு அவர்மேல் இன்னும் வருத்தம் உண்டு.

1882-ல் நிகல்ஸன் என்பவர் புத்தகசாலைத் தலைவரான பிறகு, தனித்தனியாக வந்து சேரும் பிரதிகளுக்குப் புதுக் குறியீடு ஏற்பட்டது. முதலில் பாஷை அல்லது விஷயம். அடுத்து அளவைக் காட்டும் ஓர் எழுத்து. பிறகு வரிசை எண். 'ஏ' என்றால் மிகப் பெரியது, 'ஜி' என்றால் மிகச் சிறியது. 'ஸான்ஸ்க். டி. 14' என்பது ஒரு குறியீடு. ஸம்ஸ்கிருதம், நடுத்தர அளவு, பதினான்காவது. இவ்வளவுதான் அது சொல்லும். ஆனால் கேட்டால் வருவது என்ன? 1881-ல் பெஷாவருக்கு அருகே பக்ஷாலி கிராமத்து மண்ணிலிருந்து கிடைத்த பூர்ஜ மரப்பட்டைக் கணித நூல்! பூஜ்யத்தைப் புள்ளியாகக் குறித்த நம் முன்னோரின் கை அதில் இருக்கிறது. 1902 முதல் அது ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. 2017-ல் அதன் மூன்று ஏடுகளின் வயதை விஞ்ஞான முறையில் சோதித்ததில், மூன்றும் வெவ்வேறு நூற்றாண்டைக் காட்டின. அந்த முடிவை ஏற்காத அறிஞர்களும் உண்டு. வழக்கு எப்படித் தீர்ந்தாலும், எழுபது ஏடுகளும் ஒரே எண்ணின் கீழ்ப் பிரியாமல் இருப்பதால்தான் வழக்காடவாவது முடிகிறது.

அச்சுப் புத்தகத்துக்கு இத்தனை கவலை வேண்டுமா என்றால், வேண்டும். 1623-ல் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் பெருந்தொகுப்பு வெளியானதும் ஒரு பிரதி போட்லியனுக்கு வந்தது. அதைப் பைண்டு செய்து, கலைப் பிரிவில் சங்கிலியிட்டு வைத்தார்கள். நாற்பது வருஷம் கழித்து மூன்றாம் பதிப்பு வந்தது. புதியது இருக்கும்போது பழையது எதற்கு என்று முதற்பதிப்பை மிகைப் புத்தகங்களோடு விற்றுவிட்டார்கள்! பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதிய பாத்திரம் வாங்குவதுபோல. புத்தகம் போன இடம் தெரியவில்லை.

1905-ல் ஒரு மாணவர் தம் வீட்டுப் பழம்புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, அதன் பைண்டைப் பற்றி யோசனை கேட்டார். அங்கிருந்த உத்தியோகஸ்தர்கள் மட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். தங்கள் புத்தகசாலைக்கு அந்நாளில் பைண்டு செய்தவரின் வேலை. முன்விளிம்பில் சங்கிலி மாட்டியிருந்த தழும்பு. இருநூற்று நாற்பது வருஷம் வெளியே திரிந்த புத்தகம் தன் அடையாளத்தைத் தானே சுமந்து வந்திருந்தது. அதற்குள் அமெரிக்கச் செல்வர் ஒருவர் 3,000 பவுன் தரத் தயாராகிவிட்டார். போட்லியன் ஊராரிடம் சந்தா திரட்டி, 1906-ல் அதே 3,000 பவுனைக் கொடுத்துத் தன் புத்தகத்தைத் தானே விலைக்கு வாங்கிற்று.

தமிழருக்கும் அந்த அலமாரிகளில் ஒரு பங்கு உண்டு. ஹென்றிக் ஹென்றிக்கஸ் என்ற பாதிரியார் 1580-ல் கொச்சியில் அச்சிட்ட தமிழ்ப் பாவசங்கீர்த்தன நூல் மறைந்தே போயிற்று என்று கருதப்பட்டு வந்தது. கிரஹாம் ஷா என்னும் அறிஞர் 1980-களில் அதைப் பற்றி எழுதி, தொலைந்ததாக நினைத்த புத்தகம் எங்கே இருக்கிறது என்று உலகுக்குத் தெரிவித்தார். அது இருந்த இடம் போட்லியன் புத்தகசாலை.